எறும்பு மொய்க்காத ரம்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. உள்ளே ஒன்பது பாட்டில்கள். ஏழு விஸ்கி, இரண்டு ரம். தலைக்கு மேல் சின்ன விளக்கு வேறு. என் கணவர் பிரபு அவற்றில் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. திறந்தால் மதிப்புப் போய்விடுமாம். அவர் அம்மாவிடம் வெறும் ஷோ பாட்டில் என்று சொல்லி வைத்திருந்தார். பனியன் வாங்கும் பையர் யாராவது வந்தால் ஓட்டலில் உட்கார்ந்து ஒரு மடக்குக் குடிப்பார், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒன்பதுக்கும் தனித்தனியாக ருசி எழுதி ஒரு நோட்டு வைத்திருந்தார். 'வெண்ணிலா, காய்ந்த அத்திப்பழம், பழைய தோல்.' எல்லாம் இன்டர்நெட்டில் பார்த்து எழுதியது. "பழைய தோல்னா செருப்பு மாதிரிங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். "உனக்கு அதெல்லாம் புரியாது அம்மிணி" என்றார். அவருக்குப் புரிந்திருந்ததாக நான் நம்பவில்லை.

எங்கள் பையன் மித்ரனுக்கு ஒன்றரை வயது. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவனுக்கு அந்த அலமாரியின் கைப்பிடி மேல்தான் கண். நான் துப்பட்டாவைச் சுற்றிக் கட்டிப் பார்த்தேன், டேப் ஒட்டிப் பார்த்தேன். ஒரு சாயங்காலம் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிவிட்டான். அலமாரி முன்னால் சாய்ந்தது. நான் ஓடிப்போய்த் தோளால் முட்டுக் கொடுத்தேன். உள்ளே ஒன்பது பாட்டிலும் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. பிரபு பதறிக்கொண்டு வந்தார். வந்தவர் முதலில் எதைப் பார்த்தார் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

அன்றிலிருந்து அந்த அலமாரி வீட்டை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது எனக்கு. அந்தச் சமயத்தில்தான் மொரீஷியஸ் பயணம் வந்தது.

திருப்பூர் நல்லூரில் எங்கள் பனியன் யூனிட்டில் ஷேட் பார்ப்பது, அதாவது சாய நிறம் ஒத்து வருகிறதா என்று பார்ப்பது, என் வேலை. நான் படித்ததும் அதுதான். மொரீஷியஸில் ஓட்டல் கடைகளுக்கு டீ-ஷர்ட் வாங்கும் பையர் ஒருவர், போன லாட்டில் ஒரே கடல் நீலத்துக்கு மூன்று நீலம் வந்திருக்கிறது, யாராவது நேரில் வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தார். அந்த லாட்டுக்கு 'பாஸ்' என்று கையெழுத்துப் போட்டவள் நான். மித்ரனுக்குக் காய்ச்சல் என்று போன் வந்த அவசரத்தில், காலையில் வெளிச்சத்தில் பார்க்க வேண்டியதை டியூப்லைட்டில் பார்த்துப் போட்டேன். வீட்டில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பிரபுவுக்கு அதே வாரம் ஃபேக்டரியில் ஆடிட். போக வேண்டியவள் நான்தான்.

"நீ போய்ட்டு வா கண்ணு, பையன நான் பாத்துக்கறேன்" என்றார் அத்தை. "உன்ற ஊட்டுக்காரனையும் நாந்தான வளத்துனேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது.

பிரபு தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். கண்ணாடியில் கப்பல் செதுக்கிய பாட்டில். பதினைந்து வருடம் பீப்பாயில் இருந்த ரம். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு நம்பர். தனி மரப்பெட்டி.

"போறது போற, இத வாங்கிட்டு வந்துரு. இது வந்தா பத்து. பத்து வந்தா கலெக்சன் முடிஞ்சுது. அலமாரிய ஃபேக்டரி ஆபீசுக்குத் தூக்கிர்றேன்."

"நெசமாலுமுங்களா?"

"மித்ரன் மேல சத்தியம்."

"கொழந்த மேலெல்லாம் சத்தியம் பண்ணாதீங்க."

"சரி, புது நிட்டிங் மெஷின் மேல சத்தியம்."

அது நம்பக்கூடிய சத்தியம். அந்த மெஷினை அவர் தினமும் தொட்டுப் பார்க்காமல் வரமாட்டார்.

"ஆனா இதே பாட்டில்தான் வரோணும்" என்றார். "வேற எதக் கொண்டாந்தாலும் டீல் கெடையாது. ருசி பாத்து எழுதிட்டும் வா. நோட்டுல இது ஒண்ணாவது நெசமா இருக்கட்டும்."

நான் ஆயுளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. இருந்தாலும் தலையாட்டினேன். பாட்டில் வந்தால் அலமாரி போகும். என் மனதில் வேறு எதுவும் இல்லை.

முதல் நாள் இறங்கியதும் கையில் கிடைத்த ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருந்தது. பார்த்ததும் கூட்டத்தில் சொந்தக்காரரைக் கண்ட தைரியம். என்னை அழைத்துப் போக வந்த டிரைவர் பெயர் சில்வேன் வீராசாமி. ஐம்பது வயது இருக்கும். தமிழரா என்று கேட்டேன். "ஆமாம் மதாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் மூன்று: வணக்கம், முருகா, ரசம். இந்த மூன்றை வைத்துக்கொண்டு அவர் குடும்பம் ஐந்து தலைமுறை ஓட்டியிருக்கிறது. நான் முப்பது வருடமாகப் பேசும் தமிழில் இந்த மூன்றையும் விட்டால் அவசியமானது எவ்வளவு தேறும் என்று யோசித்துப் பார்த்தேன்.

காலைச் சாப்பாட்டுக்கு ஒரு தள்ளுவண்டி முன் நிறுத்தினார். நீள ரொட்டியைப் பிளந்து, வெண்ணெய் தடவி, நடுவில் நான்கு குட்டிப் பருப்பு வடை வைத்துக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர். கடித்தால் சந்தேகமில்லாமல் பல்லடம் பஸ் ஸ்டாண்டு வடை, பச்சை மிளகாய் உட்பட. வெண்ணெயும் வடையுமா என்று முதலில் தயங்கினேன். பிறகு இரண்டாவது கேட்டு வாங்கினேன். கை கழுவிய கையோடு, இந்த எண்ணெய் எத்தனை நாள் எண்ணெயோ என்ற கவலையும் வந்தது.

தங்கியது க்யூர்பிப் என்ற மேட்டு ஊரில். அங்கே மழை பெய்வதில்லை, தங்கியிருக்கிறது. திருப்பூரில் இப்படி ஒரு வாரம் தூறினால் எந்தத் துணி காயும், எந்த ஷிப்மென்ட் போகும் என்றுதான் என் புத்தி போனது. வீடியோவில் மித்ரன் வந்தான். நெற்றி முழுக்கத் திருநீறு, கன்னத்தில் அத்தை வைத்த கறுப்புப் பொட்டு, வாயில் நிறைய முறுக்கு. அவனுக்கு நாங்கள் முறுக்குக் கொடுப்பதில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அலமாரிப் பக்கம் நடந்தான். போன் அவன் பின்னாலேயே போக, விளக்கு வெளிச்சத்தில் கைப்பிடி மின்னியது.

"அத்த, அலமாரி."

"பாத்துட்டுத்தான் இருக்கறேன் கண்ணு. நீ தின்னியா?"

இரண்டாம் நாள் பையரின் கிடங்கு. அட்டைப்பெட்டிகளை எல்லாம் ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொல்லி, டீ-ஷர்ட்களைப் பகல் வெளிச்சத்தில் மூன்று குவியலாகப் பிரித்தேன். உண்மையிலேயே மூன்று நீலம். ஒன்று காலைக் கடல், ஒன்று மதியக் கடல், ஒன்று சலவைக்குப் போட்டு வந்த கடல். பையர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விமானத்தில் வரும்போது நான் தயாரித்து வைத்திருந்த காரணங்கள் நான்கு. சாயத் தண்ணீர், மின்வெட்டு, பாய்லர், ஈரப்பதம். ஆனால் வாயில் வந்தது வேறு.

"இதை நான்தான் பாஸ் செய்தேன். பையனுக்குக் காய்ச்சல். டியூப்லைட்டில் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது."

அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "பையனுக்கு இப்போது சரியாகிவிட்டதா?" என்று கேட்டார். ஒவ்வொரு குவியலையும் தனித்தனி ஓட்டல் கடைக்கு அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று அவரே வழியும் சொன்னார். அடுத்த லாட்டுக்கு மட்டும் நான் பகலில் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம். கிடங்கை விட்டு வெளியே வந்து கொஞ்சம் அழுதேன். சில்வேன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு காரின் கண்ணாடியைத் துடைத்தார்.

மூன்றாம் நாள்தான் ரம். ரம் காய்ச்சும் தோட்டம் தெற்கே இருந்தது. வழியெல்லாம் கரும்பு. எங்கள் கணியூர்க் கரும்பு மாதிரியேதான், ஆனால் கரும்புக் காட்டுக்கு நடுவே கறுப்புக் கல்லைக் கோபுரமாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். எரிமலைக் கல்லாம். எங்கள் அப்பா கண்டிருந்தால், அந்த இடத்தில் இன்னும் நாலு வரிசை நட்டிருக்கலாமே என்றிருப்பார்.

பாதி வழியில் கார் புகைந்தது. ரேடியேட்டர் ஹோஸ் பிளந்துவிட்டது. சில்வேன் என் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் சாம்பிள் பையில் காலருக்கு வைக்கும் ரிப் துணி இருந்தது. அதை ஹோஸில் சுற்றி இறுக்கிக் கட்டினோம். திருப்பூர் காலர் மொரீஷியஸ் காரை இரண்டு கிலோமீட்டர் ஓட்டியது. அதற்கு மேல் அதனால் முடியவில்லை. காரை ஓரம் கட்டிவிட்டு இருவரும் பஸ் ஏறினோம்.

பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்து கிரியோல் மொழியில் ஏதோ பேசினார்கள். என்ன சொல்கிறார்கள் என்று சில்வேனைக் கேட்டேன். சங்கடப்பட்டுக்கொண்டே மொழிபெயர்த்தார்.

"இந்தப் பெண் ஏறியதிலிருந்து எல்லார் கழுத்தையும் முறைத்துப் பார்க்கிறாள், என்ன வேண்டுமாம்?"

நான் கழுத்தைப் பார்க்கவில்லை, காலர் தையலைப் பார்த்தேன் என்று சொல்லச் சொன்னேன். சொன்னார். அதில் ஒரு பெண் தன் காலரை இழுத்து எனக்கு நன்றாகக் காட்டினாள். தையல் மோசம். நன்றாக இருக்கிறது என்றேன்.

தோட்டத்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவள் பெயர் மரி-லூர். என் வயதுதான். அவளுக்கும் ஒரு பையன், குழந்தைகள் காப்பகத்தில். வந்தவர்களை முதலில் பீப்பாய் அறைக்குக் கூட்டிப்போவது அங்கே வழக்கமாம். இருட்டும் ஈர மரமும், மூக்கின் உள்ளே ஏறும் ஒரு வாசனையும். வரிசையாகப் பீப்பாய்கள். பதினைந்து வருடத்தில் ஒரு பீப்பாயில் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும் என்றாள்.

"பாதிக்கு மேலா?"

"வெயில் நாடு இல்லையா. வருடா வருடம் குறையும்."

எங்கள் ஊரில் துணியைச் சாயம் போடக் கொடுத்தால் திரும்பி வரும்போது எடை குறைந்திருக்கும். கேட்டால் 'ப்ராசஸ் லாஸ்' என்பார்கள். எவ்வளவு குறைந்தாலும் அதே பதில்தான். அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய எனக்குக் கேள்வி தானாக வந்துவிட்டது.

"இந்த அறைச் சாவி யாரிடம் இருக்கும்?"

மரி-லூர் சிரித்த சிரிப்பில் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து ஒரு பூனை எழுந்து போனது. "பதினைந்து வருடமாக இதைக் கேட்க வேண்டும் என்று எங்கள் முதலாளிக்குத் தோன்றவில்லை" என்றாள்.

கடையில் கப்பல் பாட்டில் கண்ணாடிக்குள் நின்றது. படத்தில் பார்த்ததை விட அழகு. அதற்குப் பக்கத்தில், இருமல் மருந்துப் பாட்டில் மாதிரி ஒன்று. கையால் எழுதிய லேபிள். நம்பர் இல்லை, பெட்டி இல்லை. அது ஒரே பீப்பாயிலிருந்து எடுத்ததாம், அதே பதினைந்து வருடம். இரண்டையும் ருசி பார்க்காமல் விற்பதில்லை என்று மரி-லூர் கண்ணாடிக் குவளைகளை எடுத்தாள்.

நான் கைப்பையிலிருந்து மித்ரனின் காய்ச்சல் சிரப் மூடியை எடுத்தேன். ஐந்து மில்லி என்று கோடு போட்டது. எந்த அம்மாவின் கைப்பையிலும் அது கிடக்கும்.

"இதில். கோடு வரைக்கும்."

"மதாம், இதைக் குழந்தைக்குக் கொடுப்பார்கள்."

"குழந்தைக்கு எவ்வளவு என்று தெரியும். எனக்கு எவ்வளவு என்று தெரியாது."

அவள் கோட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துச் சரியாக ஊற்றினாள். தாய்மார்களுக்கு மட்டும் வரும் கைத்திறன். சில்வேன் தனக்குக் குவளையே போதும் என்றார். கார்தான் இல்லையே என்றும் சேர்த்துக்கொண்டார்.

கப்பல் ரம் முதலில். பயந்த அளவுக்கு இல்லை. தித்திப்பு, வழவழப்பு, தொண்டையில் சத்தமில்லாமல் இறங்கியது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம் பயந்தோம் என்றிருந்தது. அடுத்து மருந்துப் பாட்டில். அது காதைத் திருகியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுடச்சுட இறங்கிய பிறகு மூக்கு வழியாக ஒரு வாசனை திரும்பி மேலே வந்தது. கணியூரில் எங்கள் ஸ்கூல் பஸ் கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்போது வரும் அதே வாசனை. புளிப்பு, புகை, ஈரச் சக்கை. பிரபுவுக்காக போனில் எழுதிக்கொண்டேன்: 'ஒன்று: இருமல் மருந்து. இரண்டு: ஸ்கூலுக்கு லேட்.'

எனக்குப் பிடித்தது முதலாவதுதான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

பணம் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சில்வேன் குவளையில் இருந்த கப்பல் ரம்மின் நிறம் எனக்கு உறுத்தியது. மரப்பழுப்புக்குள் ஒரு சிவப்பு. அந்தச் சிவப்பு பக்கத்துக் குவளையில் இல்லை. சாம்பிள் பையில் வட்டமாக வெட்டிய வெள்ளைப் பனியன் துணி இருந்தது, பூரி அளவு. இரண்டு வட்டத்தை எடுத்து, ஆளுக்கு ஒரு மூடி ரம் ஊற்றி நனைத்தேன்.

"என்ன செய்கிறீர்கள்?" என்றாள் மரி-லூர்.

"ஷேட் பார்க்கிறேன்."

"பதினைந்து வருட ரம்மைத் துணியிலா?"

"ஈரத்தில் பார்க்கக் கூடாது. காய வேண்டும்."

வட்டங்களை ஜன்னல் விளிம்பில் வெயிலில் வைத்தேன். காயும் வரை வேறு வேலை இல்லை. மரி-லூர் அன்னாசிப் பழத்தை நறுக்கி மிளகாய்ப்பொடி தூவிக் கொண்டுவந்தாள். பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். அவள் பையன் கடிப்பானாம். காப்பகத்தில் தினமும் புகார். "உன் பையன்?" என்றாள். அலமாரிக் கதையைச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒன்பதும் திறக்காததா? உன் கணவர் ரம் வாங்கவில்லை, கண்ணாடி வாங்குகிறார்."

அரை மணி கழித்து ஜன்னலுக்குப் போனேன். மருந்துப் பாட்டில் துணி காய்ந்து, வைத்த மாதிரியே மெத்தென்று கிடந்தது. வெளிர் பழுப்பு, ஓரம் வரை ஒரே சீர். கப்பல் துணியைக் காணோம். இருந்தது, ஆனால் அதன் மேல் எறும்பு. சுவர் விரிசலிலிருந்து வரிசை கட்டி வந்து, வட்டத்தின் விளிம்பில் பந்தி உட்கார்ந்திருந்தன. பக்கத்துத் துணியை ஓர் எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை. ஊதி விட்டுத் தடவினேன். கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைப்பு. விரலில் ஒட்டியது.

மரி-லூரைப் பார்த்தேன். அவள் எறும்பைப் பார்த்தாள்.

"சர்க்கரை" என்றாள். "கொஞ்சம் நிறத்துக்கும் கலப்பார்கள். ஒளிவு மறைவு இல்லை, பின் லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கிறது. ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கிறது."

"எனக்கும் அதுதான் பிடித்தது."

"அப்புறமென்ன? அலமாரிக்குள் நிற்கப்போகும் பாட்டிலுக்கு உள்ளே என்ன இருந்தால் என்ன?"

சரியான கேள்வி. பிரபு அதைத் திறக்கப்போவதில்லை. கப்பலோடு போனால் அலமாரி போய்விடும். மித்ரன் ஹாலில் நடக்கலாம், நான் அடுப்படியில் நிம்மதியாகத் தோசை திருப்பலாம். பிரபுவுக்கு போன் செய்தேன். கட் செய்துவிட்டு மெசேஜ் அனுப்பினார்: 'ஆடிட்டர் இருக்காரு. கப்பல் பாட்டில்தான். வேற வேண்டாம்.'

பர்ஸைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். சில்வேன் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று உட்கார்ந்தார்.

முந்தின நாள்தான் மூன்று நீலத்தை வரிசையாக வைத்து, பார்த்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இப்போது நல்ல பகல் வெளிச்சத்தில் கண்ணெதிரே எறும்பு ஊர்கிறது. இதையும் பாஸ் என்று சொல்லி ஊருக்கு எடுத்துப்போக எனக்குக் கை வரவில்லை. மருந்துப் பாட்டிலைக் காட்டினேன். அதைக் காட்டிய மறுநொடியே, பெற்ற பிள்ளையை விட ஷேட் பெரிதாகப் போய்விட்டதா என்று மனசு குடைந்தது. திரும்பி வரும் பஸ் முழுக்க அதேதான். மடியில் பாட்டில்.

நான்காம் நாள் அதை மித்ரனுக்கென்று கொண்டுபோயிருந்த டயப்பர்களில் சுற்றினேன். அவன் இல்லாத ஊருக்கு எதற்கு டயப்பர் என்று நீங்கள் கேட்பீர்கள். பழக்கத்தில் வைத்துவிட்டேன். கோவையில் இறங்கியபோது சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். மூன்று டயப்பரை உரித்த பிறகு பாட்டில் வந்தது.

"டயப்பர் கொழந்தைக்குங்களா?"

"ஆமாங்க."

"இது?"

"கொழந்தையோட அப்பாவுக்குங்க."

அவர் சிரிக்காமல் மூன்று டயப்பரையும் மறுபடி சுற்றிக் கொடுத்தார். நான் சுற்றியதை விட நேர்த்தியாக இருந்தது.

வீட்டில் மித்ரன் என்னைக் கண்டு இரண்டு நிமிடம் கோபமாக இருந்தான், பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. பிரபு பாட்டிலைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கப்பல் எந்தப் பக்கமும் இல்லை.

"மருந்துக்கடைக்குப் போனயா அம்மிணி?"

நடந்ததைச் சொன்னேன். எறும்பு வரும் இடத்தில் அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. "நம்பர் பாட்டிலாச்சே. அவ்வளவு பெரிய எடத்துல போயி சக்கரையக் கலப்பாங்களா?" என்றார். பிறகு, "அப்ப டீல்?"

"கெடையாதுங்க. தெரிஞ்சுதான் எடுத்துட்டு வந்தேன்."

அலமாரி அங்கேயே நின்றது. நான் துப்பட்டாவை எடுத்துக் கைப்பிடியில் புது முடிச்சாகப் போட்டேன். துணி வட்டங்களை மட்டும் மேஜை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

எந்த வாதத்தையும் நம்பாதவர் என் கணவர். ஆனால் துணியைக் கையில் கொடுத்தால் அவரால் தடவிப் பார்க்காமல் இருக்க முடியாது. மறுநாள் காலை காபியோடு வந்தபோது அவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். ஒரு கையில் மெத்து, ஒரு கையில் விறைப்பு. கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இது என்ன, ஸ்டார்ச் போட்ட மாதிரி?"

"அதுதானுங்க உங்க கப்பல்."

கொஞ்ச நேரத்தில் துப்பட்டா முடிச்சை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. ஒரு விஸ்கி பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது மட்டும் பாத்தர்றேன்" என்றார். "இது ஒண்ணுதான் எனக்கு டவுட்டு."

நான் வெள்ளைத் துணி வெட்டிக் கொடுத்தேன். அது பாஸ். அப்படியானால் பக்கத்தில் இருப்பது? அது விறைத்தது. அப்போதுதான் அவர் முகம் மாறியது. அதன் பிறகு அவரை நிறுத்த யாராலும் முடியவில்லை. ஃபேக்டரியிலிருந்து துணி வெட்டும் வட்டக் கட்டரையே வரவழைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தை கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது, ஒன்பது பாட்டிலும் வாய் திறந்து வரிசையில் நிற்க, பின்கட்டுக் கொடியில் ஒன்பது வட்டங்கள் கிளிப் போட்டுத் தொங்கின. மூன்றில் எறும்பு.

"ஏன்டா, ஊட்டுல சாயப்பட்டறை போட்டுட்டியா?" என்றார். அப்புறம் மூக்கை உறிஞ்சினார். "இது என்றா வாசம்?"

"ஒண்ணுமில்லீம்மா. ஷோ பாட்டில்."

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான் பொட்டு வெச்சனே, அதா?"

"அதேதானுங்க அத்த" என்றேன். பிரபு என்னை முறைத்தார்.

திறந்த பாட்டிலுக்கு மதிப்பில்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இப்போது ஒன்பதும் திறந்தவை. எறும்பு வந்த மூன்றையும் 'ரிஜக்ட்' என்று சொல்லி, தித்திப்புப் பிடிக்கும் ஆடிட்டருக்குக் கொடுத்து அனுப்பினார். ஆடிட்டர் மறுநாள் போன் செய்து, ஆயுளில் இவ்வளவு நல்ல சரக்கைக் குடித்ததே இல்லை என்றாராம். மீதியைப் பரண் மேல் ஏற்றியாயிற்று. பழைய நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, பத்து வட்டங்களையும் ஒரு ஷேட் புத்தகத்தில் வரிசையாக ஒட்டினார். பத்தாவது மருந்துப் பாட்டில். அதற்கு எதிரே ருசி என்ற இடத்தில் 'ஸ்கூலுக்கு லேட்' என்று தன் கையால் எழுதினார். என்னிடம் பேனாவை நீட்டி, "க்யூ.சி. கையெழுத்துப் போடு" என்றார். சாயங்காலம் ஆகியிருந்தது. காலையில் போடுகிறேன் என்றேன்.

அலமாரிக்குள் வைக்க ஒன்றும் இல்லை. டீல் இல்லாமலே அது திங்கட்கிழமை டெம்போ ஏறி ஃபேக்டரிக்குப் போனது. ஷேட் கார்டு வைக்கத் தோதாக இருக்கிறதாம்.

மித்ரன் தூங்கி எழுந்து நேராக ஹாலின் மூலைக்கு நடந்தான். கையை உயர்த்தினான். கைப்பிடி இருந்த இடத்தில் காற்று இருந்தது. பொத்தென்று உட்கார்ந்தான். வெறும் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வீடே அதிர அழ ஆரம்பித்தான். முறுக்குக் கொடுத்தும் நிற்கவில்லை. அரை மணி நேரமாக அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். செய்தது சரிதானா என்று எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது.

பிரபு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"பேசாம உன்ற பையனுக்குச் சின்னதா ஒரு அலமாரி வாங்கோணும் போல" என்றார்.